சுழல் தண்டின் சாவி
கரும்பாலை வைத்திருப்போர் அறிய வேண்டிய ஒரு கணக்கு

விரல் நீளமுள்ள ஓர் எஃகுத் துண்டு ஒடிந்ததன் காரணமாக ஆலை நின்று, கொப்பரை ஆறி, வெட்டிய கரும்பு களத்தில் குவிந்து கிடப்பதைக் கரும்பு விளையும் ஊர்களில் கண்டிராதார் இரார். வெட்டிய கரும்பு காத்திருக்காது. வெட்டி ஒரு நாள் கடந்தபின் அதன் சர்க்கரைச் சத்து நாழிகைதோறும் குறைந்து, வெல்லம் சரியாக உறைவதில்லை. ஆகவே அவ்வேளையில் கைக்குக் கிடைத்த இரும்பைத் தேய்த்துச் செருகி ஆலையை ஓட்டிவிடுவதே வழக்கமாக இருந்துவருகிறது. இங்ஙனம் செருகிய துண்டு சில சமயம் மறுநாளே ஒடிகிறது. சில சமயம் அது ஒடியாமல் நின்று, அதைக் காட்டிலும் பன்மடங்கு விலையுள்ள தண்டும் பல் சக்கரமும் ஒடிகின்றன. இவ்விரண்டு நஷ்டங்களையும் தவிர்ப்பதற்கு வேண்டுவது ஒரு சிறு கணக்கேயாகும். பெருக்கலும் வகுத்தலும் அறிந்த எவரும் அதைச் செய்யக்கூடும்.

சாவியின் வேலை

பட்டறைகளில் கீ என்றும் சாவி என்றும் வழங்கும் இவ்வுறுப்பு, ஷாப்டு எனப்படும் சுழல் தண்டையும் அதன்மேல் ஏறியுள்ள புல்லியையோ பல் சக்கரத்தையோ ஒன்றாகச் சுழலச் செய்வது. தண்டில் ஒரு பள்ளமும், சக்கரத்தின் குடத்தில் அதற்கு நேராக மற்றொரு பள்ளமும் வெட்டி, இரண்டிலும் பாதிப் பாதியாகப் பொருந்துமாறு இத்துண்டு செருகப்படுகிறது. தண்டு சுழலும்போது சாவியின் கீழ்ப்பாதியை ஒரு பக்கமாகத் தள்ளுகிறது. சக்கரம் சுமையினால் பின்னிழுத்து மேற்பாதியை எதிர்ப்பக்கமாகத் தள்ளுகிறது. இவ்விரு தள்ளுதல்களுக்கும் நடுவில் சாவி அகப்பட்டு நிற்கிறது.

இதனால் சாவிக்கு இரண்டு விதமான அபாயங்கள் உண்டு. முதலாவது, கத்தரியின் இரு அலகுகளுக்கிடையில் அகப்பட்ட குச்சியைப்போல் நடுவில் அறுபடுதல். இரண்டாவது, பள்ளத்தின் சுவர் அழுத்துவதால் பக்கங்கள் நசுங்கி உருக்குலைதல். அறுபட்ட சாவியை எல்லோரும் பார்க்கிறார்கள். நசுங்கும் சாவியையோ ஒருவரும் கவனிப்பதில்லை. ஆயினும் கிராம யந்திரங்களில் பெரும் சேதத்தை விளைவிப்பது இவ்விரண்டாவது அபாயமே என்பதைக் கீழ்வரும் கணக்கு விளக்கும்.

முறுக்கு என்பது யாது?

ஆலைக்கு எத்தனை குதிரைச் சக்தி என்பதை மாத்திரம் கேட்டுச் சாவியின் அளவை நிர்ணயிப்பது தவறு. ஒரு நொடியில் 75 கிலோ எடையை ஒரு மீட்டர் உயரம் தூக்கும் திறமையே ஒரு குதிரைச் சக்தி. அதே சக்தி வேகமாகச் சுழலும் தண்டில் குறைந்த முறுக்காகவும், மெதுவாகச் சுழலும் தண்டில் மிகுந்த முறுக்காகவும் வெளிப்படும்.  வேகத்தை இழந்த அளவுக்கு வலிமையைப் பெறுகிறோம்.

இதற்குரிய விதி வருமாறு: குதிரைச் சக்தியை 71,620 ஆல் பெருக்கி, நிமிடத்திற்கு எத்தனை சுற்று என்பதால் வகுக்க வேண்டும். கிடைப்பது கிலோ-சென்டிமீட்டர் கணக்கில் முறுக்காகும். அம்முறுக்கைத் தண்டின் ஆரத்தால், அஃதாவது குறுக்களவில் பாதியால் வகுத்தால், சாவியின்மேல் விழும் விசை கிலோவில் கிடைக்கும்.

மோட்டார்த் தண்டின் சாவி

சாதாரணமாக உபயோகத்திலுள்ள 5 குதிரைச் சக்தி மோட்டார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் தகட்டில் 3.7 கிலோவாட் என்றும், நிமிடத்திற்கு 1440 சுற்று என்றும் குறித்திருக்கும். தண்டின் குறுக்களவு 28 மில்லிமீட்டர். சாவி 8 மில்லிமீட்டர் அகலமும் 7 மில்லிமீட்டர் உயரமும் உள்ளது. புல்லியின் குடத்துள் பொருந்தியுள்ள நீளம் 40 மில்லிமீட்டர் என்க.

முறுக்கு: 5 × 71,620 ÷ 1440 = 249 கிலோ-சென்டிமீட்டர்.
சாவியின்மேல் விசை: 249 ÷ 1.4 = 178 கிலோ.
அறுபடும் பரப்பு (அகலம் × நீளம்): 0.8 × 4 = 3.2 சதுர சென்டிமீட்டர்.
நசுங்கும் பரப்பு (உயரத்தில் பாதி × நீளம்): 0.35 × 4 = 1.4 சதுர சென்டிமீட்டர்.

விசையைப் பரப்பால் வகுத்தால், ஒரு சதுர சென்டிமீட்டர் எத்தனை கிலோவைத் தாங்குகிறது என்பது தெரியும். இதுவே தகைவு எனப்படும். மேற்படி சாவியில் அறுபடும் தகைவு சதுர சென்டிமீட்டருக்கு 56 கிலோ. நசுங்கும் தகைவு 127 கிலோ.

இவை அதிகமா, குறைவா என்பதை அறிய எஃகின் தாங்கும் எல்லை தெரிய வேண்டும். சாதாரண மென் எஃகு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 2,500 கிலோவில் நிரந்தரமாக உருக்குலையத் தொடங்கும். அறுபடும் விசைக்கு அதில் பாதி, அஃதாவது 1,250 கிலோ எனக் கொள்ளுதல் பத்திரமானது. இவ்வெல்லை வரையில் சுமையேற்றுவது விவேகமன்று. மூன்றில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஆகவே நசுங்குவதற்கு 830 கிலோவும், அறுபடுவதற்கு 415 கிலோவும் நாம் அனுமதிக்கத்தக்க அளவுகளாகும்.

மோட்டாரின் சாவியில் கண்ட 56-ம் 127-ம் இவ்வளவுகளுக்கு எவ்வளவோ கீழே இருக்கின்றன. இதிலிருந்து ஓர் உண்மை விளங்கும். மோட்டார்த் தண்டின் சாவி அடிக்கடி ஒடியுமாயின், அதற்குக் காரணம் எஃகின் பலவீனமன்று. புல்லி தளர்ந்திருத்தல், பள்ளத்தைவிடச் சாவி ஒடுக்கமாயிருத்தல், குடத்துள் சாவி அரைகுறையாகப் புகுந்திருத்தல் ஆகிய பொருத்தக் குற்றங்களையே தேட வேண்டும்.

ஆலைத் தண்டின் சாவி

அதே மோட்டார் பெல்ட்டு மூலமாகவும் பல் சக்கரங்கள் மூலமாகவும் ஆலையின் உருளையை நிமிடத்திற்கு 15 சுற்று வீதம் சுழற்றுவதாக வைத்துக்கொள்வோம். உருளைத் தண்டின் குறுக்களவு 80 மில்லிமீட்டர். சாவி 22 மில்லிமீட்டர் அகலமும் 14 மில்லிமீட்டர் உயரமும் உள்ளது. நீளம் 80 மில்லிமீட்டர். வழியில் உராய்வினால் நேரும் நஷ்டத்தைக் கழிக்காமல் விடுவோம். கணக்கு பத்திரமான பக்கமாகவே இருக்கட்டும்.

முறுக்கு: 5 × 71,620 ÷ 15 = 23,873 கிலோ-சென்டிமீட்டர்.
சாவியின்மேல் விசை: 23,873 ÷ 4 = 5,968 கிலோ.
அறுபடும் தகைவு: 5,968 ÷ (2.2 × 8) = 339 கிலோ.
நசுங்கும் தகைவு: 5,968 ÷ (0.7 × 8) = 1,066 கிலோ.

குதிரைச் சக்தி ஒன்றே. எனினும் மோட்டாரின் சாவியில் 178 கிலோவாக இருந்த விசை இங்கு ஆறு டன் அளவுக்கு ஏறிவிட்டது. அறுபடும் கணக்கை மாத்திரம் பார்ப்பவர் 339 என்பது 415-க்கு உட்பட்டதென்று திருப்தி அடைவார். நசுங்கும் கணக்கையும் பார்ப்பவரோ 1,066 என்பது 830-ஐக் கடந்துவிட்டதைக் காண்பார். இச்சாவி ஒடியாது, ஆனால் பக்கங்கள் சிறுகச் சிறுக நசுங்கும்.

இதன் விளைவு ஆலை திணறும்போதுதான் வெளிப்படும். உருளைகளுக்கிடையில் கரும்புக் கட்டு அளவுக்கு மீறிப் புகுந்தால், மாடு பூட்டிய ஆலையில் மாடுகள் தாமே நின்றுவிடும். ஒரு ஜோடி மாடுகளின் பலம் ஏறக்குறைய ஒரு குதிரைச் சக்தி; அவற்றிற்கு வலி தெரியும். மோட்டாருக்கு அது தெரியாது. தகட்டிற் கண்டதைப்போல் இரண்டரை மடங்கு முறுக்கையும் சிறிது நேரத்திற்குச் செலுத்திப் பார்த்த பின்னரே அது நிற்கும். அளவுக்கு மீறிய மின்சாரத்தைத் துண்டிக்கும் ரிலே இயங்குவதற்கும் சில நொடிகள் செல்லும். அந்நொடிகளில் நசுங்கும் தகைவு 1,066-இல் இரண்டரை மடங்கு, அஃதாவது 2,665 கிலோ ஆகும். எஃகின் எல்லையாகிய 2,500 கடந்துவிட்டது. சாவி அன்று ஒடியாவிட்டாலும் பக்கம் நசுங்கி இடைவெளி உண்டாகும். அடுத்த முறை தண்டு தள்ளும்போது அது அழுத்துவதில்லை, சம்மட்டிபோல் அடிக்கிறது. மூன்றில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வது வீண் எச்சரிக்கையன்று என்பது இதனால் விளங்கும்.

பரிகாரம்

சாவியையும் குடத்தையும் 120 மில்லிமீட்டர் நீளமுள்ளவையாகச் செய்தால், அறுபடும் தகைவு 226 கிலோவாகவும் நசுங்கும் தகைவு 710 கிலோவாகவும் இறங்கும். ஆலை திணறும்போது இரண்டரை மடங்காகி 1,775 கிலோவை அடைந்தாலும் எஃகு உருக்குலையாது. குடத்திற்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சாவி எவ்வளவு நீளமாயினும் ஒரு கிலோவும் தாங்காது. ஆதலால் குடத்துள் இருக்கும் நீளத்தை மட்டுமே கணக்கில் சேர்க்க வேண்டும். இரு முனைகளும் உருட்டிவிட்ட சாவியாயின், மொத்த நீளத்திலிருந்து அதன் அகலத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

நசுங்கும் பரப்புக்கு உயரத்தில் பாதி என்று கொண்டது முதற் கணக்கிற்காக. நியம அளவுப்படி வெட்டிய பள்ளத்தில் 14 மில்லிமீட்டர்ச் சாவி தண்டில் 9 மில்லிமீட்டர் இறங்கி, குடத்தில் 5 மில்லிமீட்டரே பொருந்தும். அவ்வளவைக் கொண்டு கணக்கிட்டால் 120 மில்லிமீட்டர் நீளச் சாவியிலும் குடப்பக்கத்துத் தகைவு 995 கிலோ ஆகிறது. திணறும்போது 2,488 கிலோவாகி எல்லையை ஒட்டி நிற்கிறது. ஆகவே அடிக்கடி திணறும் ஆலைக்கு நீளத்தைக் கூட்டுவதோடு, கரும்பை அளவறிந்து ஊட்டுவதும் அவசியமென்று அறிய வேண்டும்.

நீளத்தை எவ்வளவும் கூட்டிக்கொண்டே போகலாகாது. தண்டு சுமையின்கீழ்ச் சிறிது முறுகுவதால், மிக நீண்ட சாவியின் ஒரு முனையே பெரும்பங்கு விசையைத் தாங்க நேரிடும். தண்டின் குறுக்களவைப்போல் ஒன்றரை மடங்கு நீளம் போதுமானது. இதற்கு ஒரு நியாயமும் உண்டு. சாவியின் அகலம் குறுக்களவில் நாலில் ஒரு பங்காகவும், இரண்டும் ஒரே எஃகாகவும் இருந்தால், ஒன்றரை மடங்கு நீளமுள்ள சாவி அறுபடுவதற்கும் தண்டு முறுக்கொடிவதற்கும் ஏறக்குறைய ஒரே விசை வேண்டியிருக்கும். சாவி அதைவிடச் சற்றுக் குறுகியிருந்தால் முதலில் சாவி போகும், தண்டு பிழைக்கும்.

சாவியின் அளவுகள்

தண்டின் குறுக்களவிற்கு ஏற்ற சாவியின் அகலமும் உயரமும் கீழே தரப்பட்டுள்ளன. அளவுகள் யாவும் மில்லிமீட்டரில். இந்தியத் தர நிர்ணயம் 2048 நேர்ச்சாவிகளைப் பற்றியது.

22-க்கு மேல் 30 வரை: 8 × 7
30-க்கு மேல் 38 வரை: 10 × 8
38-க்கு மேல் 44 வரை: 12 × 8
44-க்கு மேல் 50 வரை: 14 × 9
50-க்கு மேல் 58 வரை: 16 × 10
58-க்கு மேல் 65 வரை: 18 × 11
65-க்கு மேல் 75 வரை: 20 × 12
75-க்கு மேல் 85 வரை: 22 × 14

ஒடிந்த சாவி சொல்லும் செய்தி

ஒடிந்த சாவியை எறிந்துவிடாமல் வெளிச்சத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தண்டும் குடமும் சந்திக்கும் கோட்டில் நேராக அறுபட்டிருந்தால் ஒரே வேளையில் பெரும் விசை தாக்கியிருக்கிறது. உருளையில் கல்லோ இரும்போ புகுந்ததா என்று விசாரிக்கவும். பக்கங்கள் மழுங்கி, ஓரங்களில் எஃகு பிதுங்கியிருந்தால் நசுங்கும் பரப்பு போதவில்லை. பக்கங்கள் பளபளவென்று தேய்ந்து, பள்ளத்தைச் சுற்றிலும் செந்நிறத் தூள் படிந்திருந்தால் பொருத்தம் தளர்ந்து நெடுநாளாக ஆடிக்கொண்டிருந்திருக்கிறது.

தண்டையும் துடைத்துப் பார்க்க வேண்டும். பள்ளத்தின் அடி மூலைகளிலிருந்தே வெடிப்பு தொடங்குவது இயல்பு. மூலை கத்திபோல் கூராக வெட்டப்பட்டிருந்தால் விசை அவ்விடத்தில் குவிந்து மயிரிழை போன்ற வெடிப்பை உண்டாக்கும். அது நாளடைவில் தண்டைச் சுற்றிச் சாய்வாகப் பரவும். ஆகவே புதிய பள்ளம் வெட்டக் கொடுக்கும்போது, மூலையைச் சிறிது உருட்டிவிடுமாறு கடைசல் பட்டறையில் சொல்ல வேண்டும். வெடிப்புக் கண்ட தண்டுக்கு எத்தகைய சாவியும் பரிகாரமாகாது. தண்டை மாற்றுவதே முறை.

செய்யத் தகாதவை

லாரி வில்லின் துண்டையும், பழைய அரத்தையும், உளியையும் தேய்த்துச் சாவியாக்கும் வழக்கம் உண்டு. கெட்டியான எஃகு நல்லது என்ற எண்ணமே இதற்குக் காரணம். ஆனால் விசை போவதற்கு ஓர் இடம் வேண்டும். சாவி இணங்காவிட்டால், மென்மையான தண்டின் பள்ளம் நசுங்கும். அல்லது வார்ப்பிரும்புக் குடம் வெடிக்கும். அல்லது பல் சக்கரத்தின் பற்கள் உதிரும். சாவியை மாற்ற ஒரு மணி நேரம் போதும். சக்கரம் ஒடிந்தால் மாற்றுச் சக்கரம் வரும்வரை கரும்பு காய்ந்து கிடக்கும். ஆகவே ஆலையுடன் வந்த சாவி எவ்வகை எஃகோ அவ்வகையிலேயே புதியதும் இருக்க வேண்டும். பருவம் தொடங்குமுன் அளவாகச் செய்த இரண்டு சாவிகளை எண்ணெய் தடவிக் கைவசம் வைத்திருத்தல் நலம்.

தளர்ந்த சாவியின் பக்கத்தில் தகரத் துண்டைச் செருகுவதும் பயனற்றது. தகரம் சில நாட்களில் கிழிந்து, முன்னிலும் அதிகமாக ஆடத் தொடங்கும். தேய்ந்த பள்ளத்தைக் கடைசல் பட்டறையில் சீராக அகலப்படுத்தி, அதற்கேற்ற சாவியைச் செய்துகொள்ள வேண்டும். நேர்ச்சாவியாயின் பக்கங்களில் இறுக்கமாகவும் மேலே சிறிது இடைவெளியுடனும் அமைய வேண்டும். நூற்றுக்கு ஒன்று வீதம் சாய்வுள்ள ஆப்புச் சாவியாயின் மேலும் கீழும் இறுகப் பற்ற வேண்டும். சக்கரத்தைத் தண்டோடு பற்றவைத்து விடுவதும் தகாது. அச்சூட்டினால் தண்டு அவ்விடத்திலேயே ஒடியத்தக்கதாகிறது. பின்னர்ச் சக்கரத்தைக் கழற்றவும் வழியிராது.

எல்லாவற்றிற்கும் மேலாக ஓர் எச்சரிக்கை. ஆப்புச் சாவியின் தலை தண்டிற்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சுழலும்போது அது கண்ணுக்குத் தெரியாது. வேட்டியின் நுனியையோ, தோளிலிருக்கும் துண்டையோ, சேலைத் தலைப்பையோ அது பற்றிக்கொண்டால் மனிதனை இழுத்துவிடும். ஆறு டன் விசையோடு சுழலும் தண்டு கூக்குரல் கேட்டு நிற்பதில்லை. அவ்விடத்தைத் தகரக் கூடால் மூடாமல் ஆலையை ஓட்டலாகாது. சாவியைத் தொட்டுப் பார்க்கு முன் சுவிட்சை அணைத்து, பியூஸையும் எடுத்துவிட வேண்டும்.

கிராம அதிகாரிகளுக்கு

ஊராட்சிப் பம்புகளையும், கூட்டுறவு முறையில் வாடகைக்கு விடும் யந்திரங்களையும் மேற்பார்ப்போர், ஒவ்வொன்றுக்கும் குதிரைச் சக்தி, தண்டின் சுற்று, குறுக்களவு, சாவியின் மூன்று அளவுகள் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் பதிந்து வைப்பது உபயோகமானது. சாவி மாற்றிய தேதியையும் காரணத்தையும் அதில் எழுதினால், ஒரே யந்திரத்தில் மீண்டும் மீண்டும் நேரும் பழுது தானே வெளிப்படும். சிறிய புல்லியைப் பெரிதாக்கியோ, பெரிய மோட்டாரைப் பூட்டியோ மாறுதல் செய்ய விரும்புவோரிடம், மெதுவாகச் சுழலும் தண்டின் சாவிக்கு முதலில் கணக்குப் பார்த்தாயிற்றா என்று கேட்பது அவர்கள் கடமையாகும். 5 குதிரைச் சக்தியை 7½ ஆக உயர்த்தினால் மேலே கண்ட தகைவுகள் யாவும் ஒன்றரை மடங்காகும். 710 கிலோ என்றிருந்த நசுங்கும் தகைவு 1,065 ஆகி, முன்பு குறையுள்ளதென்று தள்ளிய நிலைக்கே ஆலை திரும்பிவிடும்.

சாவி ஒடிவது யந்திரத்தின் துரோகமன்று; பெரும்பாலும் அது தண்டையும் சக்கரத்தையும் காப்பாற்றிவிட்டுத் தான் ஒடிகிறது. ஏன் ஒடிந்தது என்று பார்த்து, அறுபடும் கணக்கோடு நசுங்கும் கணக்கையும் போட்டு, தக்க நீளத்தில் தக்க எஃகால் புதியதைச் செய்து பொருத்துவோர், பருவம் முடியும்வரை கொப்பரை ஆறாமல் வெல்லம் காய்ச்சுவர்.